ரோமானிய எல்லைப்புறத்தின் உள்ளூர்ப் பாதைகளைக் கணினியில் கட்டுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

ரைன் ஆற்றின் தென்கரையில் வரிசையாக நின்ற ரோமானியக் கோட்டை ஒவ்வொன்றிலும் சில நூறு படைவீரர்கள் இருந்தார்கள். அவர்கள் தின்ற தானியத்திலும் எரித்த விறகிலும் ஒரு பங்காவது சுற்றுப்புற உழவர் குடியிருப்புகளிலிருந்து வந்திருக்க வேண்டும். எந்த வழியாக வந்தது? கோட்டைகளை இணைத்த படைச்சாலை பல இடங்களில் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. பண்ணைக்கும் பண்ணைக்கும், பண்ணைக்கும் சந்தைக்கும் இடையே மக்கள் நடந்த தடங்களோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. அந்தத் தடங்களைத்தான் கணினியில் மாதிரி கட்டித் தேடுகிறோம்.

இந்த வேலையில் நான் இறங்கியபோது, படித்த ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் முடிவுகளை அழகாகச் சொல்லின. எந்தக் கோப்பை எங்கே வாங்குவது, எதற்கு எவ்வளவு காலம் ஒதுக்குவது, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதை அவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கத்தான் பெரும்பாடுபட்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நெதர்லாந்தின் ரைன் வடிநிலத்தை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். வேறு எல்லைப்பகுதியை எடுத்தாலும் படிகள் இதே வரிசையில்தான் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்களைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் வைத்து வலைப்பின்னல் வரைவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. அன்றைய நிலம் எப்படி இருந்தது, எந்தக் குடியிருப்பு எந்தக் காலத்தில் இருந்தது என்ற இரண்டும் சரியாக அமையாவிட்டால், மேலே எவ்வளவு நுட்பமான கணக்குப் போட்டாலும் பயனில்லை. உங்கள் நேரத்தில் பெரும்பங்கை இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

1. பகுதியையும் கேள்வியையும் சுருக்குங்கள்

"ரோமானியப் போக்குவரத்து" என்று தொடங்கினால் ஓராண்டு கழித்தும் தரவு சேகரித்துக்கொண்டிருப்பீர்கள். 60 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலம் போதும். உட்ரெக்டிலிருந்து தென்கிழக்கே, வளைந்த ரைன் என்று இன்று அழைக்கப்படும் பழைய ஆற்றை ஒட்டிய பகுதி நல்ல தொடக்கம். ஃபெக்டியோ, டிரயெக்டம் என்ற இரண்டு கோட்டைகளும் அங்கே வருகின்றன. கிழக்கே சற்றுத் தள்ளி, படாவியர் என்ற உள்ளூர் இனக்குழுவின் தலைநகரான நோவியோமாகஸ், அதாவது இன்றைய நைமேகன். மேற்கே கானனிஃபாடியர் என்ற இன்னொரு இனக்குழுவின் பகுதியை எடுக்க விரும்பினால் அவர்களுடைய நகரமான ஃபோரம் ஹாட்ரியானி இன்றைய ஃபோர்பர்கில் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் மணல்மேடும் பீட் சதுப்பும் ஓதநீரும் கலந்து கிடப்பதால் முதல் முயற்சிக்கு வேண்டாம் என்பேன்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உதாரணமாக: "கி.பி. 70 முதல் 150 வரை, பண்ணைகளின் உபரித் தானியம் கோட்டைக்கு நேராகப் போனதா, நடுவில் ஒரு பெரிய குடியிருப்பில் சேர்ந்து அங்கிருந்து போனதா?" எந்தக் காலம், எந்தப் பொருள், எந்த வாகனம் என்ற மூன்றும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். நடந்துபோகும் ஆளுக்கும் மாட்டுவண்டிக்கும் ஒரே வலைப்பின்னல் வராது.

இங்கே ஒரு பொறி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஓர்பிஸ் என்ற மாதிரியையும், 2025இல் வெளியான இட்டினர்-ஈ என்ற சாலைத் தரவையும் பார்த்ததும் "எல்லாம் தயாராக இருக்கிறதே" என்று தோன்றும். ஓர்பிஸ் பேரரசு முழுவதற்குமானது; ஊருக்கு ஊர் போன கதையை அது சொல்லாது. இட்டினர்-ஈயில் சுமார் 3 லட்சம் கி.மீ. சாலைகள் உள்ளன, ஆனால் அவற்றில் இடம் உறுதியாகத் தெரிந்தது மிகச் சிறிய பங்குதான். இரண்டையும் பின்னணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடித்தளமாக வேண்டாம்.

2. தரவுகளும் அனுமதிகளும்

அனுமதி வருவதற்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் விண்ணப்பங்களை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

முதலில் டான்ஸ் என்ற டச்சு ஆய்வுத் தரவுக் காப்பகம். அகழாய்வு அறிக்கைகள் ஏராளமாக அங்கே இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்தில் பிலிப் வெர்ஹாகன் தலைமையில் 2012 முதல் 2017 வரை இதே வடிநிலத்தைப் பற்றி ஒரு திட்டம் நடந்தது. அதில் போக்குவரத்து வலைப்பின்னல் பகுதியைச் செய்தவர் மார்க் குரோன்ஹைசன். புதியவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த வேலையைத்தான். காப்பகத்தில் சில தொகுப்புகளை உடனே இறக்கலாம். சிலவற்றுக்குப் பதிவேற்றியவரின் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்கும் பெட்டியில் ஒரு வரி எழுதி அனுப்பாமல், நீங்கள் யார், கேள்வி என்ன, எந்தத் தரவுப் புலங்கள் தேவை, ஆயத்தொலைகளை வெளியிட மாட்டீர்களா என்ற நான்கையும் எழுதுங்கள்.

இரண்டாவது ஆர்கிஸ், அதாவது நெதர்லாந்து அரசின் தொல்லியல் பதிவேடு. முழு விவரத்தைப் பார்க்கக் கணக்கு வேண்டும், அதற்குத் தொழில் அல்லது கல்விக் காரணம் காட்ட வேண்டும். மாணவராக இருந்தால் வழிகாட்டியின் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மூன்றாவது நிலத் தரவு. உயரத்துக்கு ஏஎச்என் என்ற நாடு தழுவிய லேசர் அளவீடு, அரை மீட்டர் துல்லியத்தில், இலவசம். பழைய ஆற்றுப்படுகைகளுக்கு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் ரைன்–மியூஸ் வடிநில அடிப்படை வரைபடம். அதுவும் டான்ஸிலேயே கிடைக்கிறது. கி.பி. 100க்கான தேசியத் தொல்நிலவியல் வரைபடமும் உண்டு.

அறிக்கைகள் பெரும்பாலும் டச்சு மொழியில் இருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு ஓரளவு கைகொடுக்கும், ஆனால் அட்டவணைகளில் வரும் கலைச்சொற்களுக்கு நீங்களே ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. நேடர்ஸெட்டிங் என்றால் குடியிருப்பு, கிராஃப்ஃபெல்ட் என்றால் இடுகாடு, ஸ்ட்ரோம்ரூக் என்றால் ஆற்றின் பழைய மேடு, ஃபேன் என்றால் பீட் சதுப்பு. இருபது முப்பது சொல் தெரிந்தால் அட்டவணையைப் படித்துவிடலாம்.

3. கருவிகளும் செலவும்

பணச் செலவு குறைவு. வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், கணக்குக்கு ஆர் மொழி அல்லது பைத்தான், எல்லாமே இலவசம். ஆர் என்றால் பாதை தேட ஜிடிஸ்டன்ஸ் அல்லது லீஸ்ட்காஸ்ட்பாத், வலைப்பின்னலுக்கு ஐகிராஃப். பைத்தான் என்றால் நெட்வொர்க்எக்ஸ். இரண்டில் ஏற்கெனவே தெரிந்ததை எடுங்கள். 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி தாராளமாகப் போதும், கிளவுட் வாடகை தேவையில்லை. நேரில் போய் நூலகத்தில் பழைய அறிக்கை பார்க்க வேண்டி வந்தால் மட்டுமே செலவு ஏறும்.

மடிக்கணினி போதும் என்பது ஒரு நிபந்தனையோடுதான். அரை மீட்டர் தரவை அப்படியே உள்ளே விடக்கூடாது. 60 × 30 கி.மீ. பகுதியை அரை மீட்டர் கட்டங்களாக்கினால் 720 கோடி கட்டங்கள் வரும். ஒரு அடுக்குக்கு மட்டுமே 29 ஜிபி நினைவகம் கேட்கும். அதையே 50 மீட்டராக்கினால் 7 லட்சத்து 20 ஆயிரம் கட்டங்கள், 3 எம்பிகூட ஆகாது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நிலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த துல்லியமும் 50 மீட்டரைத் தாண்டாது.

4. குடியிருப்புப் பட்டியலைச் சுத்தம் செய்தல்

கோப்பைத் திறந்ததும் பார்க்க வேண்டியது தசமப்புள்ளி. டச்சுக் கோப்புகளில் தசமத்துக்குக் காற்புள்ளியும், அட்டவணையின் பத்திகளை, அதாவது நெடுவரிசைகளை, பிரிக்க அரைப்புள்ளியும் வரும். ஆர் மொழியில் அதற்கென்று தனி வாசிப்புக் கட்டளை இருக்கிறது. கவனிக்காமல் திறந்தால் எண்கள் எழுத்தாக மாறிவிடும்.

அடுத்தது ஆயத்தொலை. நெதர்லாந்தின் தேசிய முறைக்கு வரைபட மென்பொருள்களில் உள்ள குறியீடு இபிஎஸ்ஜி 28992. எல்லா அடுக்குகளையும் இதற்கே மாற்றிவிடுங்கள். அலகு மீட்டர் என்பதால் தொலைவுக் கணக்கு நேராக வரும். இந்த முறையில் ஒரு வசதியும் உண்டு. கிழக்கு எண் 3 லட்சத்துக்குள் நிற்கும், வடக்கு எண் 3 லட்சத்துக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் பத்திகள் இடம் மாறிவிட்டன என்று உடனே தெரிந்துவிடும்.

பழைய பதிவுகள் சிலவற்றில் உண்மையான இடத்துக்குப் பதிலாகக் கட்டத்தின் நடுப்புள்ளி மட்டும் எழுதப்பட்டிருக்கும். இரண்டு எண்ணும் 500 என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். அவற்றைத் தூக்கி எறியாமல், "இடம் உறுதியில்லை" என்று தனிப் பத்தியில் குறித்து வையுங்கள். சோதனைக் கட்டத்தில் தேவைப்படும்.

அப்புறம் இரட்டிப்பு. பதிவேட்டில் ஒரு வரி என்பது ஒரு கண்டெடுப்பு, ஒரு குடியிருப்பு அல்ல. ஒரே பண்ணையில் மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் பானையோடு பொறுக்கியிருந்தால் மூன்று வரி இருக்கும். நான் 250 மீட்டருக்குள் உள்ளவற்றைச் சேர்த்து, பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பிரித்தேன். நடுவில் பழைய ஆறு ஓடினால் 250 மீட்டருக்குள் இருந்தாலும் சேர்க்காதீர்கள். சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்றால், ஆய்வாளர்கள் அதிகம் போன இடமெல்லாம் போக்குவரத்து மையமாகத் தெரியும்.

கடைசியாகக் காலம். டச்சுத் தொல்லியலில் ரோமானியக் காலத்தைக் கி.மு. 12 முதல் கி.பி. 25, 25–70, 70–150, 150–270, 270–350, 350–450 என்று பிரிக்கிறார்கள். எல்லாக் குடியிருப்பையும் ஒரே வரைபடத்தில் போட்டு இணைப்பதுதான் புதியவர்கள் விழும் மிகப் பெரிய குழி. ஒருவரையொருவர் பார்த்தே இராத ஊர்களுக்கு இடையே பாதை போட்டுவிடுவீர்கள். கி.பி. 69–70இல் படாவியர் கிளர்ச்சி நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளதைக் கலந்தால் கேள்விக்கே பொருளில்லை.

பானையோட்டின் காலம் எந்தக் கட்டத்துக்குள்ளும் ஒழுங்காக அடங்காது. ஒரு குடியிருப்பின் மட்பாண்டம் கி.பி. 50 முதல் 200 வரை என்று வைத்துக்கொள்வோம். அந்த 150 ஆண்டில் 20 ஆண்டு 25–70 கட்டத்தில், 80 ஆண்டு 70–150இல், 50 ஆண்டு 150–270இல் விழுகிறது. ஆக நிகழ்தகவு சுமார் 13, 53, 33 சதவீதம். இந்த எண்களைத் தனிப் பத்திகளில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணினி ஒவ்வொரு முறையும் இந்த நிகழ்தகவின்படி குலுக்கிப்போட்டு யார் இருந்தார்கள், யார் இல்லை என்று முடிவு செய்யட்டும். இந்தப் பட்டியல் வேலைக்கு மட்டும் ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள்.

5. அன்றைய நிலத்தைக் கட்டுதல்

மலைப்பகுதியில் பாதை கணக்கிடுவோர் சரிவை முதலில் பார்ப்பார்கள். ரைன் வடிநிலம் கிட்டத்தட்டத் தட்டை. அங்கே நடையைத் தீர்மானிப்பது கால் புதைகிறதா இல்லையா என்பதுதான். ஆறு வெள்ளத்தில் கொண்டுவந்து கரையில் குவித்த மேடுகள் உலர்ந்தவை. மக்கள் வீடு கட்டியதும் உழுததும் அங்கேதான். மேடுகளுக்கு இடையே களிமண் தாழ்நிலங்கள், மழைக்காலத்தில் நீர் நிற்கும். அவற்றையும் தாண்டினால் பீட், அதாவது மக்காத தாவரம் அடுக்கடுக்காகப் படிந்த சதுப்பு.

ஏஎச்என் உயரத் தரவிலிருந்து நேராகச் சரிவு கணக்கிடாதீர்கள். அதில் தெரியும் மேடுகளில் பாதி நெடுஞ்சாலைக் கரை, ரயில் பாதை, இடைக்காலத்துக்குப் பின் கட்டிய அணை. பீட் நிலத்தையோ பல நூற்றாண்டாக எரிபொருளுக்கு வெட்டி எடுத்திருக்கிறார்கள். வடிகால் வெட்டியதால் மிச்சமும் சுருங்கித் தாழ்ந்துவிட்டது. ரோமானியர் காலத்தில் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்திருந்த சதுப்பு இன்று கடல் மட்டத்துக்குக் கீழே பள்ளமாகத் தெரிகிறது. ஆனால் ஏஎச்என்னை ஒதுக்கவும் வேண்டாம். சுற்றியுள்ள மண் அமுங்கியதால் பழைய ஆற்று மேடுகள் இன்று மெல்லிய முதுகுகளாகத் துருத்திக்கொண்டு தெரியும். அவற்றின் ஓரத்தைத் துல்லியமாக வரைய அதைவிட நல்ல தரவு இல்லை.

வேலை வரிசை இது. முதலில் வடிநில அடிப்படை வரைபடத்தை எடுத்து, உங்கள் காலத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறுகளையும் அதற்கு முன்பே ஓய்ந்து மேடாகிவிட்டவற்றையும் பிரியுங்கள். ஒவ்வொரு படுகைக்கும் தொடக்கமும் முடிவும் அதில் உண்டு. அந்த ஆண்டுகள் 1950லிருந்து பின்னோக்கி எண்ணியவை, அதுவும் கதிர்க்கரிம ஆண்டுகளாக இருந்தால் 1950இலிருந்து கழித்து நாட்காட்டி ஆண்டு ஆக்கக்கூடாது. அளவுத்திருத்த வளைவில் போட்டு மாற்ற வேண்டும். அதற்கும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. இந்த ஒரு படியைத் தாண்டிப் போனால் ஓடாத ஆற்றை ஓடவிட்டு, ஓடிய ஆற்றின்மேல் வண்டி விடுவீர்கள்.

அடுத்து மேடுகளின் ஓரத்தை ஏஎச்என் வைத்துத் திருத்துங்கள். மீதி இடத்தில் தாழ்நிலத்தையும் பீட்டையும் மண் வரைபடம், நிலத்தைத் துளையிட்டு எடுத்த தரவு ஆகியவற்றிலிருந்து நிரப்புங்கள். கி.பி. 100க்கான தேசிய வரைபடம் ஒட்டுமொத்தத் தோற்றத்தைச் சரிபார்க்க நல்லது. நாடு முழுவதற்கும் வரைந்தது என்பதால் உள்ளூர்ப் பாதைக்கு அது போதாது.

பிற்கால அரிப்பையும் மறக்காதீர்கள். ரோமானியருக்குப் பின் ஆறு இடம் மாறித் தின்றுவிட்ட பகுதிகளில் குடியிருப்பு எதுவும் கிடைக்காது. அங்கே யாரும் வாழவில்லை என்று அதற்குப் பொருளில்லை. அந்தப் பகுதிகளைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள்.

காலத்தோடு மாறும் கட்டுமானங்களைத் தனித்தனி அடுக்காக்குங்கள். ரைனையும் மியூஸ் முகத்துவாரத்தையும் இணைத்த கோர்புலோ கால்வாய் கி.பி. 47க்கு முன் இல்லை. படைச்சாலையின் மரக்கட்டைகளை வளர்வளையம் எண்ணிப் பார்த்ததில் 99/100, 124/125 ஆகிய ஆண்டுகளில் பெரிய வேலை நடந்தது தெரிகிறது. 25–70 கட்டத்துக்கான மாதிரியில் அந்தச் சாலையை முழுமையாகப் போட்டுவிடாதீர்கள்.

இந்தப் படிக்கு இரண்டு மாதம். குறைக்க முயலாதீர்கள்.

6. நடைக்கு விலை வைத்தல்

ஒரு கட்டத்தைக் கடக்க ஆகும் நேரத்தையோ முயற்சியையோதான் இங்கே விலை என்கிறோம். பலரும் எடுப்பது, சரிவை வைத்து நடை வேகத்தைச் சொல்லும் டோப்லரின் சூத்திரம். சமதரையில் அது மணிக்கு சுமார் 5 கி.மீ. தருகிறது. ஆனால் அது சரிவை மட்டுமே பார்க்கும். சமவெளியில் எல்லாக் கட்டமும் ஒரே விலை பெற்று, பாதைகள் நேர்கோடாகிவிடும். நமக்குத் தேவை பாண்டால்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1977இல் வெளியிட்ட சூத்திரம். படைவீரர் சுமையோடு நடக்கையில் உடல் செலவிடும் ஆற்றலை அது கணக்கிடுகிறது. உடல் எடை, சுமை, வேகம், சரிவு, தரை வகை ஐந்தும் உள்ளே வரும். தரை வகைக்கான எண்கள் 1972இல் அளக்கப்பட்டவை: தார்ச்சாலை 1.0, மண்பாதை 1.1, லேசான புதர் 1.2, அடர்ந்த புதர் 1.5, சதுப்பு 1.8, இளகிய மணல் 2.1. ஆற்று மேட்டுக்கு 1.1 அல்லது 1.2, தாழ்நிலத்துக்கு 1.5, பீட்டுக்கு 1.8 என்று நான் வைத்தேன். முதல் எண்ணும் கடைசி எண்ணும் அளவீட்டோடு பொருந்துகின்றன, நடுவில் உள்ளது என் ஊகம். உங்கள் கட்டுரையிலும் எது அளவீடு, எது ஊகம் என்று பிரித்து எழுதுங்கள்.

இங்கே நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1.8 என்பதை நேரத்தின் பெருக்கலாக எடுத்துக்கொண்டு, "சதுப்பில் 1.8 மடங்கு நேரம்" என்று போட்டுவிடுகிறார்கள். அது ஆற்றலின் பெருக்கல். ஆள் ஒரே அளவு முயற்சியோடு நடக்கிறார் என்று வைத்து வேகத்தைத் திருப்பிக் கணக்கிட வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் வெறுங்கையோடு நல்ல தரையில் மணிக்கு 5 கி.மீ. நடந்தால் சுமார் 310 வாட் செலவாகிறது. அதே 310 வாட்டில் சதுப்பில் மணிக்கு 3.7 கி.மீ. போகலாம். அதாவது 1.34 மடங்கு நேரம், 1.8இன் வர்க்கமூலம் அது. 20 கிலோ தானியம் சுமந்தால் நல்ல தரையில் 4.3 கி.மீ., சதுப்பில் 3.2 கி.மீ. பெருக்கலைத் தவறாகப் போட்டால் சதுப்பு தேவைக்கு மேல் பயங்கரமாகி, எல்லாப் பாதையும் ஆற்று மேட்டில் நெருக்கியடிக்கும். வரைபடம் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

மாட்டுவண்டிக்கு இப்படி அளந்த சூத்திரம் இல்லை. ஓர்பிஸ் மாதிரி நாளொன்றுக்கு நடப்பவருக்கு 30 கி.மீ., மாட்டுவண்டிக்கு 12 கி.மீ. என்று வைக்கிறது. அந்த விகிதத்தை எடுத்து நடை நேரத்தை இரண்டரையால் பெருக்கி, பீட்டை வண்டி நுழையாத இடமாக அடைத்துவிடுவது எளிய வழி. படகை விட்டுவிடாதீர்கள். ஸ்வாமர்டாம் கோட்டை அருகே 1970களில் ஆறு ரோமானியப் படகுகள் கிடைத்தன. பெரிய தட்டையடிச் சரக்குப் படகுகளும் மரத்தைக் குடைந்த சிறிய படகுகளும் அதில் உண்டு. தண்ணீரில் போகும் போக்குவரத்தைத் தனி வலைப்பின்னலாகக் கட்டி, கரையேறும் இடங்களில் மட்டும் இணையுங்கள்.

7. நேர அட்டவணையை ஓட்டுதல்

இப்போது எல்லாக் குடியிருப்புக்கும் இடையே நேரம் கணக்கிட வேண்டும். 500 இடங்கள் என்றால் ஏறக்குறைய 1 லட்சத்து 25 ஆயிரம் இணைகள். ஒவ்வொரு இணைக்கும் தனியாகப் பாதை தேடினால் மடிக்கணினி நாட்கணக்கில் ஓடும். ஒரு இடத்திலிருந்து தொடங்கும் ஒரு ஓட்டமே மற்ற எல்லா இடத்துக்குமான நேரத்தைத் தந்துவிடும். ஆகவே 500 ஓட்டம் போதும். 50 மீட்டர் கட்டத்தில் இரவு ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். பாதையின் கோட்டைப் பிறகு, வலைப்பின்னலில் தேறிய இணைகளுக்கு மட்டும் எடுங்கள்.

ஆறுகள் கசியும். ஒரு கட்டம் அகலத்தில் ஆற்றை வரைந்தால், எட்டுத் திசை நகர்வில் மூலைவிட்டமாகப் பாதை நழுவிக் கடந்துவிடும். பதினாறு திசை வைத்தால் சதுரங்கக் குதிரைபோல் தாண்டியே போய்விடும். ஆற்றை எங்கும் குறைந்தது இரண்டு மூன்று கட்டத் தடிப்பாக்குங்கள். பிறகு கடக்கவே முடியாது என்று வைத்து ஒரு சோதனை ஓட்டம் விடுங்கள். மறுகரையில் ஏதாவது ஒரு இடத்துக்கு நேரம் வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அடைத்த பிறகு, கடப்பதற்கு ஒரு காத்திருப்பு நேரம் வையுங்கள். எத்தனை நிமிடம் என்பதற்குச் சான்று கிடையாது. 10, 30, 60 என்று மூன்று விதமாக ஓட்டி, முடிவு எங்கே மாறுகிறது என்று பாருங்கள்.

8. வலைப்பின்னல் கட்டுதல்

எந்த இரண்டு ஊருக்கு நடுவே நேர்வழி இருந்திருக்கும்? அருகிலுள்ள மூன்று ஊரை இணைப்பது என்ற விதி எளிது, ஆனால் வலைப்பின்னல் துண்டு துண்டாக உடையும். குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் இணைத்தால் அடர்ந்த மேட்டில் சிக்கலும் ஓரத்தில் தனிமையும் வரும். அருகருகே உள்ள ஊர்களை முக்கோணங்களாக இணைக்கும் டெலோனே முறை ஓரங்களில் நம்பமுடியாத நீளக் கோடுகளைப் போடும். வடிநிலத்துக்கு எனக்குப் பிடித்தது கேப்ரியல் வலைப்பின்னல், டச்சு ஆய்வாளர்களும் பல முறைகளை ஒப்பிட்டு இதன் பக்கமே சாய்ந்தார்கள்.

விதி சிறியது. அ–ஆ நேரத்தின் வர்க்கத்தைவிட, அ–இ, ஆ–இ நேரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் குறைவாக வரும்படி இ என்று ஒரு ஊர் இருந்தால், அ–ஆ நேர்வழி இல்லை. ஆட்கள் இ வழியாகவே போவார்கள். அ–ஆ 60 நிமிடம், இரண்டிலிருந்தும் இ 40 நிமிடம் என்றால் 3600க்கு எதிராக 3200, எனவே இணைப்பு நீங்கும். இ 45 நிமிடத்தில் இருந்தால் 4050, இணைப்பு நிற்கும். இந்த விதிப்படி கட்டினால் வலைப்பின்னல் உடையவே உடையாது.

ஆர் மொழியின் எஸ்பிடெப் தொகுப்பில் கேப்ரியல் கட்டளை தயாராக இருக்கிறது. அதற்கு ஆயத்தொலையைக் கொடுத்தால் பறவை பறக்கும் தொலைவில் கட்டிக் கொடுக்கும். இரண்டு மாதம் உழைத்துக் கட்டிய நிலம் அப்படியே வெளியே போய்விடும். அட்டவணையில் உள்ள நேரத்தை வைத்து, மேலே சொன்ன விதியைப் பத்து வரியில் நீங்களே எழுதுங்கள்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபட்டால் சராசரி எடுத்துச் சமச்சீராக்குங்கள். தட்டை நிலத்தில் வித்தியாசம் சொற்பம்தான். படகுக்கு மட்டும் நீரோட்டத்தால் பெரிதாக இருக்கும்.

9. முடிவு நிற்கிறதா என்று சோதித்தல்

இடைநிலை மையத்தன்மை என்ற அளவு, எந்த ஊர் வழியாக அதிகக் குறுவழிகள் போகின்றன என்று சொல்லும். முதல் பட்டியல் வந்ததும் பத்து ஊரின் பெயரோடு கட்டுரை எழுதத் தோன்றும். பொறுங்கள். நமக்குக் கிடைத்த குடியிருப்புகள் உண்மையில் இருந்தவற்றில் ஒரு பகுதியே. மேலும் பத்து ஊர் கண்டுபிடிக்கப்பட்டால் பட்டியல் தலைகீழாகுமா என்று தெரிய வேண்டும்.

குலுக்கல் முறையில் 10 சதவீத ஊர்களை நீக்கி மறுபடி கட்டுங்கள், அப்புறம் 20, 30. ஒவ்வொன்றையும் நூறு முறையாவது. மீதமுள்ள ஊர்களின் தரவரிசை முதல் பட்டியலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஸ்பியர்மன் ஒப்புறவால் பாருங்கள். நான்காம் படியில் செய்த கால நிகழ்தகவும் இங்கேதான் பயன்படும். நல்ல செய்தி, நேர அட்டவணையை ஒரே ஒருமுறை கணக்கிட்டால் போதும். ஒவ்வொரு குலுக்கலிலும் அதிலிருந்து இருக்கும் ஊர்களை மட்டும் எடுத்து இணைப்புகளைப் புதிதாகப் போடலாம். ஆற்றுச் சந்திப்பில் உள்ள ஊர் பெரும்பாலும் அசையாமல் நிற்கும், நடுத்தர இடங்கள் ஏறி இறங்கும். ஏறி இறங்குபவற்றைப் பெயர் சொல்லி எழுதாதீர்கள்.

எல்லைக்கு வெளியே உள்ள ஊர்கள் விடுபடுவதால் ஓரத்து ஊர்களின் கணக்கு பிறழும். இந்த ஓர விளைவுக்கு, ஆய்வுப் பகுதியைவிட எல்லாப் பக்கமும் 10 கி.மீ. கூடுதலாகத் தரவு எடுத்துக் கணக்கிட்டு, முடிவை மட்டும் உள்பகுதிக்கு வெட்டுங்கள். வடக்குப் பக்கத்தை ரைனோடு நிறுத்துவதா, மறுகரையையும் சேர்ப்பதா என்பது ஒரு வரலாற்று முடிவு. இரண்டு விதமாகவும் ஓட்டி இரண்டையும் காட்டுங்கள்.

மாதிரிப் பாதைகள் படைச்சாலையோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து "சரிபார்த்தாயிற்று" என்று எழுதும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. கோட்டைகளையும் காவல் கோபுரங்களையும் இணைக்கப் பொறியாளர்கள் திட்டமிட்டுப் போட்ட சாலை அது. தேவைப்பட்ட இடத்தில் ஈரநிலத்தில் மரமடித்துக் கரை எழுப்பினார்கள். பண்ணைக்காரர் தானியக் கூடையோடு நடந்த வழிக்கு அது அளவுகோல் ஆகாது. அதைவிட, தொலைவிலிருந்து வந்த மட்பாண்டம், காசு, கல் கட்டடம் போன்றவை உங்கள் மாதிரியில் மையமாக வந்த ஊர்களில் கூடுதலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதிரிக்குள் நுழையாத சான்றுதான் மாதிரியைச் சோதிக்கும்.

10. வெளியிடும்போது

நிரல், நில வகை அடுக்குகள், விலைப் பட்டியல், குலுக்கலின் தொடக்க எண் எல்லாவற்றையும் ஸெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாக ஏற்றி நிரந்தர அடையாள எண் வாங்கலாம். ஒவ்வொரு அடுக்கின் உரிமத்தையும் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை படியுங்கள். நீங்கள் மாற்றியமைத்த வடிவத்தைப் பகிர அனுமதி இருக்கிறதா, மூலத்தை எப்படிக் குறிப்பிடச் சொல்கிறார்கள் என்ற இரண்டும் அதில் இருக்கும். குடியிருப்புகளின் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள். உலோகம் தேடும் கருவியோடு வயலில் இறங்குவோருக்கு அது வழிகாட்டியாகிவிடும். ஆயத்தொலையைக் கிலோமீட்டருக்கு முழுமையாக்கிவிட்டு, நேர அட்டவணையை அப்படியே கொடுங்கள். வலைப்பின்னலை மறுபடி கட்டிப் பார்க்க விரும்புவோருக்கு அட்டவணை மட்டும் போதும், இடம் தேவையில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டு மாலையிலும் வாரக்கடைசியிலும் செய்வதாக இருந்தால் மொத்தம் ஆறேழு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்: பட்டியலுக்கு ஒன்றரை, நிலத்துக்கு இரண்டு, விலையும் ஓட்டமும் ஒன்று, வலைப்பின்னலும் சோதனையும் ஒன்று, மீதி எழுதுவதற்கு. அனுமதிக்குக் காத்திருக்கும் வாரங்களில் நில வேலையைத் தொடங்கிவிடலாம், அதற்கான தரவுகளுக்கு யாருடைய சம்மதமும் பெரும்பாலும் தேவைப்படாது.